ஆடிப்பட்டமும் அந்தமான் தோட்டமும்

தமிழ்நாட்டில் சேலம் நகரம் எந்த அட்சரேகையில் அமைந்திருக்கிறதோ, ஏறக்குறைய அதே அட்சரேகையில்தான் அந்தமான் தீவுகளின் தலைநகரும் அமைந்திருக்கிறது. போர்ட் பிளேயர் என்று நெடுங்காலம் வழங்கிவந்து, 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றம் பெற்ற நகரம் அது. ஆகையால், தாயகத்திலிருந்து இத்தீவுகளுக்கு வந்து குடியேறும் தமிழர்கள், சொந்த ஊரில் எந்த மாதத்தில் எது விளைகிறதோ, அந்த மாதத்தில் அது இங்கும் விளையும் என்று எண்ணுவதில் வியப்பொன்றும் இல்லை. வெயிலும் அதே வெயில். தென்னையும் வாழையும் அதே தென்னையும் வாழையும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் முதுமொழியை நினைவில் இருத்தி, ஆடி பிறந்ததும் விதைப்பையை அவிழ்க்கிறார்கள். பத்தே நாட்களில் அவ்விதை அழுகிப்போகிறது. தப்பிப் பிழைத்த நாற்றும் மழையடியில் சாய்ந்துவிடுகிறது. 'இந்த மண்ணில் ஒன்றும் வராது' என்று முடிவு கட்டிக் கடைக்குக் கூடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள்.

குற்றம் மண்ணுடையதன்று, உழைப்பில் குறையும் இல்லை. மாறியிருப்பது பட்டம் ஒன்றுதான். இத்தீவுகளில் வீட்டுத் தோட்டம் போட விரும்புவோர் முதலில் செய்ய வேண்டுவது, ஊரிலிருந்து கொண்டுவந்த மாதக் கணக்கைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இவ்விடத்து மழையின் கணக்கைக் கற்றுக்கொள்வதேயாகும்.

இது வெறும் பொழுதுபோக்குப் பற்றிய பேச்சன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சென்னைத் துறைமுகத்திலிருந்து இத்தீவுகள் கடல் வழியே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. கப்பல் வந்து சேர மூன்று நாட்களாகும். வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு, தக்காளி, அரிசி ஆகியவற்றில் பெரும் பகுதி அப்படித்தான் வருகிறது. புயல் எழுந்தாலோ, கப்பல் தாமதித்தாலோ, சந்தையில் விலை ஏறுகிறது. சிறிய தீவுகளில் சில நாட்களுக்குக் காய்கறியே கிடைப்பதில்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நாடெங்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, கொல்லையில் நான்கு கீரைப் பாத்தி வைத்திருந்த குடும்பத்திற்கும், வெறும் கொல்லை வைத்திருந்த குடும்பத்திற்கும் உள்ள வேறுபாடு எல்லோருக்கும் விளங்கிற்று. 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி இத்தீவுகளில் சுமார் 3,80,000 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் ஏறக்குறைய ஏழில் ஒருவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். இத்தனை தமிழ் இல்லங்களின் அடுக்களையைப் பற்றிய செய்தி இது.

மழையின் கணக்கு

தமிழ்நாட்டில் ஓராண்டில் பெய்யும் சராசரி மழை 1,000 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. அதிலும் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைப்பது. ஆடி மாதத்தில் காவிரியில் புதுப்புனல் வரும். வானத்தில் மேகமூட்டம் இருக்கும். ஆனால் அடைமழை இராது. இளம் பயிர் வேர் பிடிப்பதற்கு அது ஏற்ற காலம். முன்னோர் ஆடியைத் தேர்ந்தெடுத்த காரணம் இதுதான்.

அந்தமானிலோ, ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையைத் தொடுவதற்கு முன்பே, மே மாதம் மூன்றாம் வாரத்தை ஒட்டி, அதாவது வைகாசி பிறந்த சில நாட்களில், இத்தீவுகளை வந்தடைகிறது. அதுமுதல் புரட்டாசி வரை அதன் ஆட்சி. அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கி மார்கழி வரை மழை தருகிறது. ஆகவே, ஆண்டில் ஏழு எட்டு மாதங்கள் மழையே. தை முதல் சித்திரையின் நடுப்பகுதி வரை உள்ள காலம் மட்டுமே வறண்ட காலம். அப்போது மழை பெரும்பாலும் நின்றுவிடுகிறது, கிணறுகள் வற்றுகின்றன, தலைநகருக்கு நீர் தரும் தனிகாரி அணையின் மட்டம் இறங்கி, குழாய் நீரும் முறைவைத்தே விடப்படும்.

ஆடி மாதம் இந்த நீண்ட மழையின் நடுவில் வந்து விழுகிறது. தமிழ்நாட்டில் விதைப்பதற்கு நல்லதாயிருந்த மாதம், இங்கே மென்மையான காய்கறிகளை விதைப்பதற்குத் தகாத மாதமாகிவிடுகிறது. ஆனால் வயலுக்கு அது உகந்த காலமே. நெல்லை ஆனியில் நாற்று விட்டு ஆடி, ஆவணியில் நடுகிறார்கள். பர்மாவிலிருந்து வந்த சி-14-8 என்னும் உயரமான, நீண்ட காலப் பயிர் இங்கே பல ஆண்டுகள் வயல்களில் மிகுதியாகப் பயிரிடப்பட்டது. ஆறு மாத அளவு வயலில் நின்று, மழை ஓயும் காலத்தில் முதிர்வது அதன் இயல்பு. அந்த ஈரம் காய்வதற்குள் உளுந்தோ பச்சைப்பயறோ விதைத்துக்கொள்வது உழவர் வழக்கம். நெல்லுக்கு ஏற்ற நீர், தக்காளிக்குக் கேடு. இதை மனத்தில் கொண்டால் பாதித் தோட்டக்கலை கைவந்தாற்போலத்தான்.

மண்ணின் நிலை

மழை மிகுதியாகப் பெய்யும் இடத்தில் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், சாம்பல் சத்து ஆகியவை கரைந்து அடித்துச் செல்லப்படுகின்றன. எஞ்சிய மண் புளிப்புத்தன்மை அடைகிறது. புளித்த மண்ணில் மணிச்சத்து இருந்தாலும் அது செடிக்கு எட்டாதபடி கட்டுண்டு கிடக்கும். உரம் இட்டும் செடி தேறவில்லையே என்று வருந்துவோர் பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

இதற்கு மருந்து சுண்ணாம்பு. விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பு, ஒரு சதுர மீட்டருக்குக் கால் கிலோ அளவில் வேளாண்மைச் சுண்ணாம்புத் தூளைத் தூவி மண்ணோடு கிளறிவிட வேண்டும். எருவையும் சுண்ணாம்பையும் ஒரே நாளில் கலந்து இடலாகாது. எருவிலுள்ள தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். சுண்ணாம்பு இட்டு இரண்டு வாரம் கழித்து எரு இடுக. விறகு அடுப்பு உள்ள வீட்டில் சாம்பலையும் பயன்படுத்தலாம். அது புளிப்பையும் குறைக்கும், சாம்பல் சத்தையும் தரும்.

இரண்டாவது, மண்ணைப் போகவிடாமல் காப்பது. இத்தீவுகளில் சமதளம் குறைவு. வீடுகள் பெரும்பாலும் மேட்டுச் சரிவில் அமைந்துள்ளன. சரிவின் போக்கில் மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டால், ஒரே மழையில் மேல்மண் முழுவதும் ஓடைக்குப் போய்விடும். சரிவுக்குக் குறுக்கே பாத்தி அமைத்து, ஓரத்தில் தென்னை மட்டையை வரிசையாகக் கிடத்தி வைக்க வேண்டும். பாத்தி ஒரு மீட்டர் அகலமும் ஒரு சாண் உயரமும் இருக்கட்டும். தமிழ்நாட்டில் நீர் நிற்பதற்காகப் பள்ளப்பாத்தி போடுகிறோம். இங்கே நீர் வடிவதற்காக மேட்டுப்பாத்தி போடுகிறோம். வேறுபாடு இவ்வளவே.

மழைக்காலத்தில் எதை வளர்ப்பது?

மழை எட்டு மாதம் என்றால் அந்த எட்டு மாதமும் தோட்டம் சும்மா கிடக்க வேண்டும் என்பதில்லை. ஈரத்தை விரும்பும் செடிகளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வெண்டை, பாகல், புடல், பீர்க்கு, காராமணி ஆகியவற்றைச் சித்திரைக் கடைசியில், கோடை மழை ஒன்றிரண்டு விழுந்தவுடன் ஊன்றிவிட்டால், பெருமழை வருவதற்குள் வேர் இறங்கிக் கொடிகள் பந்தலில் ஏறிவிடும். தரையில் படரவிட்டால் காய் அழுகும், பந்தல் இன்றியமையாதது.

கீரைகளில் முதலிடம் வள்ளைக்கீரைக்கு. இங்கே அதை 'நாலி பாஜி' என்கிறார்கள். நீர் நிற்கும் இடத்திலும் வளரும். ஒரு துண்டுத் தண்டை நட்டால் போதும். அடுத்தது கொடிப்பசலை, இங்கே 'போய் பாஜி' என்று பெயர். வேலியில் ஏற்றிவிட்டால் மழைக்காலம் முழுவதும் பறிக்கலாம். கொத்தமல்லி மழையில் அழுகிவிடும். அதற்கு ஈடாக இத்தீவு மக்கள் 'பர்மா தனியா' என்னும் நீண்ட இலைச் செடியை வளர்க்கிறார்கள். இலை ஓரம் ரம்பம் போலிருக்கும். மணம் கொத்தமல்லியையும் மிஞ்சும். நிழலும் ஈரமும் அதற்கு உகந்தவை. ஒருமுறை வைத்தால் தானே விதை சிந்திப் பரவும். ரசத்தில் இரண்டு இலை போதும்.

கிழங்குகளையும் மறக்கலாகாது. சேப்பங்கிழங்கு, சேனை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி ஆகியவை மழைநீரிலேயே விளைந்து, மண்ணுக்குள்ளேயே சேமிப்பாக இருப்பவை. சேம்பு ஈரம் தாங்கும்; சேனையும் மரவள்ளியும் நீர் வடியும் மேட்டில்தான் இருக்க வேண்டும். கப்பல் வராத வாரத்தில் அடுக்களைக்குக் கைகொடுப்பவை இவையே.

மழைக்காலத்தின் பெரிய பகை ஆப்பிரிக்கப் பெருநத்தை. இரண்டாம் உலகப் போரில் 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் இத்தீவுகளைப் பிடித்து வைத்திருந்தபோது வந்து சேர்ந்தது இது என்பர். அவர்கள் போய்விட்டார்கள், நத்தை போகவில்லை. ஓர் இரவில் ஒரு பாத்தி நாற்றையும் தின்றுவிடக்கூடியது. பொழுது சாய்ந்தபின் விளக்கை எடுத்துக்கொண்டு சென்று, கையுறை அணிந்தோ இடுக்கியாலோ பொறுக்கி, உப்புக் கரைத்த வாளியில் போட வேண்டும். பாத்தியின் மேலேயே உப்பைத் தூவுவது தவறு. நத்தையோடு மண்ணும் கெடும். ஈரச் சாக்கையும் பப்பாளி இலையையும் மாலையில் வைத்தால் காலையில் அவற்றின் அடியில் கூடியிருக்கும். மனிதரின் மூளையைத் தாக்கும் ஒருவகைப் புழுவை இந்நத்தை சுமக்கக்கூடும். ஆகையால் வெறுங்கையால் தொடுவதைத் தவிர்த்து, கீரையை ஓடும் நீரில் இலை இலையாகக் கழுவி, நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும். கடல் கடந்து வரும் உயிரினம் தீவில் எத்துணைத் தொல்லை தரும் என்பதற்கு இந்நத்தையே சான்று. ஊரிலிருந்து மண்ணோடு கூடிய கன்றுகளைக் கொண்டுவராமல், விதையை மட்டும் கொண்டுவருவது நலம்.

தக்காளிக்குத் தைப் பட்டம்

தமிழர் சமையல் தக்காளியும் கத்தரியும் மிளகாயும் இல்லாமல் நடப்பதில்லை. இவை மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள். மூன்றுக்கும் இங்கே ஒரே எதிரி. முந்தின நாள் மாலை பசுமையாக நின்ற செடி, மறுநாள் இலை பழுக்காமலேயே துவண்டு தொங்கும். இரண்டொரு நாளில் மடிந்துவிடும். இது பாக்டீரியா வாடல் நோய். புளித்த, ஈரம் மிகுந்த, சூடான மண் அக்கிருமிக்கு உகந்தது. ஐயமிருந்தால், வாடிய தண்டின் அடிப்பகுதியை வெட்டிக் கண்ணாடிக் குவளையிலுள்ள தெளிந்த நீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற இழை இறங்கினால் அந்நோயே.

அதற்குத் தெளிக்கும் மருந்து பயன் தருவதில்லை, தடுப்பதே வழி. நோய் கண்ட செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். ஒரு பாத்தியில் இக்குடும்பத்துச் செடி நின்றிருந்தால், அடுத்த இரண்டு மூன்று பருவங்களுக்கு அங்கே வெண்டை, காராமணி, கீரை என்று மாற்றிப் போட வேண்டும். சுண்டைக்காய்ச் செடியின் வேர் இந்நோயை நன்கு தாங்கும். அதன் இளந்தண்டில் தக்காளியையோ கத்தரியையோ ஒட்டுக் கட்டுவது பல நாடுகளில் கைக்கொள்ளப்படும் முறை. தலைநகரை அடுத்த காராச்சர்மாவில் 1978-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம், வாடலைத் தாங்கும் கத்தரி வகையையும் உருவாக்கியிருக்கிறது. விதை வாங்கும்போது வாடல் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குவது பின்னால் பல வருத்தங்களைத் தவிர்க்கும்.

இனி, காலம். தக்காளி நாற்றைக் கார்த்திகையில் கூரைக்கு அடியில் தட்டுகளில் விட வேண்டும். மழை ஓயும் மார்கழியில் மேட்டுப்பாத்திக்கு மாற்றினால், தை, மாசி, பங்குனியில் காய் கிடைக்கும். முட்டைக்கோசு, பூக்கோசு, முள்ளங்கி, கொத்தமல்லி ஆகியவற்றிற்கும் இதுவே பட்டம். ஆடிப்பட்டத்தில் தேடியது இங்கே தைப் பட்டத்தில் கிடைக்கிறது என்று நினைவு வைத்துக்கொள்ளலாம்.

அப்போது எழும் கேள்வி, தண்ணீருக்கு என்ன செய்வது என்பது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். 40 சதுர மீட்டர் கூரையுள்ள சிறு வீட்டில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால், 1,000 லிட்டர் தொட்டி நிறைந்துவிடும். கார்த்திகை, மார்கழியின் கடைசி மழைகளைத் தவறவிடாமல் பிடித்து வைக்க வேண்டும். கொசு புகாதபடி தொட்டியை மெல்லிய துணியால் மூடி வைப்பது கட்டாயம். பாத்தி ஓரத்தில் பள்ளம் பறித்துத் தேங்காய் மட்டையை அதன் குழிந்த பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி புதைத்தால் அது ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும். அரிசி களைந்த நீரையும் காய் கழுவிய நீரையும் வீணாக்காமல் செடிக்கு ஊற்றினால் பத்துப் பன்னிரண்டு செடிகள் பிழைத்துக்கொள்ளும்.

உப்பேறிய நிலம்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இத்தீவுகளை அழித்தது. 1964-ஆம் ஆண்டு இந்திய–இலங்கை உடன்படிக்கையின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் சிலர், நிக்கோபார்த் தீவுக்கூட்டத்தில் உள்ள கச்சல் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டிருந்தனர். அத்தீவும் பேரிழப்புக்கு ஆளாயிற்று. தெற்கு அந்தமானில் நிலமே தாழ்ந்து, பல நெல்வயல்களுக்குள் கடல் நீர் புகுந்தது.

உப்பு ஏறிய வயலை மீட்பதற்கு மேற்சொன்ன ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறைகளுள் ஒன்று, அகலப் பாத்தி முறை. வயலில் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்திற்கு அகன்ற வாய்க்கால்களை வெட்டி, அம்மண்ணைப் பக்கத்தில் குவித்து, நான்கைந்து மீட்டர் அகலமுள்ள மேடுகளாக அமைப்பார்கள். மழை பெய்யும்போது மேட்டிலுள்ள உப்பு கரைந்து வாய்க்காலில் இறங்கி வடிந்துவிடும். ஓரிரு மழைக்காலம் கழிந்தால் மேட்டில் காய்கறி பயிரிடலாம். வாய்க்காலில் மீன் வளர்க்கலாம். அங்கே தேங்கும் நல்ல நீரைக் கோடையில் பாய்ச்சவும் செய்யலாம். பயிரைக் கெடுக்கிறது என்று எண்ணிய அந்த மழைதான் இங்கே நிலத்தைக் கழுவி மீட்டது.

அடுக்களைக்கு வருவோம்

தோட்டத்தின் மாதம் மாறும்போது சமையலின் மாதமும் மாற வேண்டும். மழைக்காலத்தில் தக்காளிக் குழம்பையே நாடிக்கொண்டிராமல், கொல்லையில் உள்ள புளிச்சங்காயைப் பயன்படுத்தலாம். சுருளி போல் மரத்தண்டிலேயே கொத்தாகத் தொங்கும் அந்த நீள் பச்சைக் காயை மீன் குழம்பிலும் பருப்பிலும் போட்டால் புளியும் மிச்சம், தக்காளியும் மிச்சம். வள்ளைக்கீரைத் தண்டைப் பூண்டும் மிளகாயும் தாளித்து, தேங்காய்த் துருவல் தூவிப் பொரியலாக்கலாம். கொடிப்பசலை பாசிப்பருப்போடு கூட்டாகும். பப்பாளிக் காய், வாழைப்பூ, வாழைத்தண்டு, பலாப்பிஞ்சு ஆகியவை ஊரில் செய்தபடியே இங்கும் செய்யத் தக்கவை. சேம்பையும் சேனையையும் புளி சேர்த்து நன்றாக வேகவைத்தால் நாக்கரிப்பு அடங்கும்.

வற்றலும் வடகமும் மாசி, பங்குனியில் போட்டு முடித்துவிட வேண்டும். வைகாசிக்குப் பிறகு காய வெயில் கிடைக்காது. மிளகாய், புளி, பருப்பு ஆகியவற்றையும் அப்போதே நன்கு காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையையும் மிளகாயையும் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாகாது. அந்நஞ்சு சமைத்தாலும் முழுவதும் போகாது. தூக்கி எறிந்துவிடுவதே அறிவுடைமை.

இத்தீவுகளின் பழங்குடியினரிடமிருந்தும் நாம் கற்கத் தக்கது உண்டு. நிக்கோபார் மக்கள் நெல்லை நம்பி வாழ்ந்தவர்கள் அல்லர். தாழை இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பெரிய கனியை நெடுநேரம் வேகவைத்து, நாரை நீக்கி, சதையைப் பிசைந்து உணவாக்குவார்கள். தேங்காய், கிழங்கு, வாழை, மீன், பன்றி இவற்றோடு அவர்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் உண்டதெல்லாம் இம்மழையையும் இம்மண்ணையும் தாங்கி நிற்பவையே. நாம் அவற்றை அப்படியே உண்ண வேண்டும் என்பதில்லை. எது இங்கே இயல்பாக வளர்கிறதோ, அதை நம் தாளிப்புக்குள் கொண்டுவரலாம்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்கும் இதே முறை பொருந்தும். தில்லியில் குளிர்காலத்திலும், மும்பையில் பெருமழை ஓய்ந்த பிறகும் நம் காய்கறிகள் நன்றாக வரும். எந்த ஊரானாலும் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்துகொள்ளுங்கள். மழை எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிகிறது? மண் புளிப்பா, உப்பா? பக்கத்து வீட்டார் எந்த மாதத்தில் எந்தக் கீரையைத் தம் கொல்லையிலிருந்து பறிக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு வேலியருகே நின்று அவர்களோடு பேசினாலே விடை கிடைத்துவிடும். பெரும்பாலும் விதையும் சேர்ந்தே கிடைக்கும். அதைக் கொண்டு அவ்வூருக்குரிய பட்டத்தைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் ஒரு பாத்தி போதும், கீரையில் தொடங்குங்கள்.